முதல் முறைப்பாட்டுக்கு முன்னும் பின்னும்: குடாநாட்டுச் சனசமூக நிலையங்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சனசமூக நிலையங்கள், விளையாட்டுக் கழகங்கள், பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள், ஆலய பரிபாலன சபைகள் ஆகியவற்றின் நிர்வாகிகளுக்கு,

இலங்கையில் குற்றம் செய்த பிள்ளையை என்ன செய்வது என்பதற்கு இன்றும் அடிப்படையாக இருப்பது 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம். பிரித்தானியாவின் 1933ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்பற்றி அது எழுதப்பட்டது. பெரியவர்களின் வழக்குகளோடு சேர்க்காமல் தனியிடத்தில் அல்லது தனி நேரத்தில் விசாரிக்க வேண்டும், தடுத்து வைக்கும்போது வளர்ந்த குற்றவாளிகளோடு கலக்க விடக்கூடாது, 14 வயதுக்குட்பட்டவரைச் சிறைக்கு அனுப்பக்கூடாது, பெயரையும் முகத்தையும் பத்திரிகையில் போடக்கூடாது என்பதையெல்லாம் அது அன்றே சொல்லிவிட்டது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் என்று தள்ளிவிடுவது சுலபம். அதிலுள்ள நல்ல விதிகளே இன்னும் முழுதாக நடைமுறைக்கு வரவில்லை என்பதுதான் உண்மை.

அதன் பெரிய குறை வயதெல்லையில் இருந்தது. 14 வயதுக்குக் கீழ் ‘சிறுவர்’, அதிலிருந்து 16 வரை ‘இளம் ஆள்’, 16 ஆகிவிட்டால் வளர்ந்தவர். சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு அகப்படும் பையன் பெரியவர்களின் வரிசையில் நின்றான். 18 வயதுவரை பிள்ளை என்று சொல்லும் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றது. ஆனால் இந்தச் சட்டத்தில் வயதெல்லை 18 ஆனது 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். தண்டனைச் சட்டக்கோவையின் நடை இன்னும் மெதுவானது. 1883இல் இயற்றப்பட்ட அந்தக் கோவைப்படி, மூன்றாம் வகுப்பில் படிக்கும் 8 வயதுப் பிள்ளைமீதும் குற்றம் சாட்டலாம் என்றிருந்தது. 2018இல் அந்த வயது 12 ஆக்கப்பட்டது. 12க்கும் 14க்கும் இடைப்பட்ட பிள்ளைக்குத் தான் செய்வது இன்னதென்று விளங்கும் முதிர்ச்சி இருந்ததா என்பதை நீதவான் தீர்மானிப்பார். 14 வயதையாவது கீழெல்லையாக வையுங்கள் என்று ஐ.நா. சிறுவர் உரிமைகள் குழு 2019இல் நாடுகளைக் கேட்டுக்கொண்டது. இலங்கை இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. நீதிமன்றம் கசையடி விதிப்பது 2005இல் ஒழிந்தது. குற்றம் செய்தபோது 18 வயது நிரம்பாதவருக்கு மரண தண்டனை இல்லை என்பது 2021இல் உறுதியானது. பழைய கட்டளைச் சட்டத்தை முழுதாக மாற்றும் சட்டமூலமோ, அரசாங்கங்கள் பல மாறியும் வரைவாகவே இழுபட்டு வந்திருக்கிறது.

இந்தச் சட்டம் ஒரு பிள்ளையிடம் எப்படி வந்து சேர்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். தந்தை இல்லாத வீட்டுப் பையன் ஒருவன், வயது 15, திருவிழா நேரம் கோயில் வீதியில் நிறுத்தியிருந்த சைக்கிளைக் கொண்டுபோய் விற்றுவிட்டான் என வைத்துக்கொள்ளலாம். முறைப்பாடு பொலிசுக்குப் போகிறது. சிறுவர், மகளிர் பிரிவில் வாக்குமூலம் எடுத்து நீதவான் முன் கொண்டுபோகிறார்கள். நீதவான் நன்னடத்தை அலுவலரிடம் அறிக்கை கேட்கிறார். அலுவலர் வீட்டுக்கு வருகிறார், வகுப்பாசிரியரைக் காண்கிறார், விதானையாரைக் கேட்கிறார், பக்கத்து வளவில் விசாரிக்கிறார். ‘தாய் தோட்டக் கூலி, பையன் இரண்டு மாதமாகப் பாடசாலைக்கு வரவில்லை, கூடாத கூட்டம், தாயின் சொல்லுக்கு அடங்குவதில்லை’ என்று அறிக்கை அமைந்தால் அவன் போகும் வழி வேறு. ‘முதல் தவறு, மாமன் பொறுப்பெடுக்கிறார், அதிபர் திரும்பச் சேர்க்கச் சம்மதம்’ என்று அமைந்தால் வேறு. சட்டம் ஒன்றுதான், பையனும் ஒருவன்தான். அந்த நாலு வரி எதுவாக இருக்கும் என்பது ஊர் சொல்வதைப் பொறுத்தது. சிறுவர் நீதியில் ஊருக்கு இடமில்லை, அது பொலிசும் கோடும் பார்க்கிற வேலை என்ற எண்ணம் இந்த இடத்தில் அடிபட்டுப் போகிறது.

பிணையெடுக்க ஆள் வந்தால் பையன் வீட்டுக்குப் போவான். வராவிட்டால் தடுப்பு இல்லம். அதற்கு அப்பால், குடாநாட்டைப் பொறுத்தவரை, அச்சுவேலியிலுள்ள அரச சான்றுபெற்ற பாடசாலை. நன்னடத்தையும் சிறுவர் பராமரிப்பும் 13ஆவது திருத்தத்தின்படி மாகாணத்துக்கு உரிய விடயங்கள் என்பதால், இந்தப் பொறுப்பு வட மாகாண நன்னடத்தை சிறுவர் பராமரிப்பு சேவைகள் திணைக்களத்தைச் சேர்ந்தது. அச்சுவேலியிலிருந்து சிறுவர் தப்பியோடிய செய்தி பத்திரிகைகளில் பல தடவை வந்திருக்கிறது. திருந்தாத பெடியள் என்பதற்கு அத்தாட்சியாகவே வாசிகசாலைகளில் அச்செய்தி வாசிக்கப்படுகிறது. வீட்டைவிட்டுப் பிரிக்கப்பட்ட பிள்ளை மதிலேறிக் குதிப்பதற்கு அதைவிடச் சாதாரணமான காரணங்கள் இருக்கலாம் என்று யாரும் யோசிப்பதில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. குற்றம் செய்த பிள்ளை மட்டுமல்ல, கவனிப்பாரற்ற பிள்ளையும், பெற்றோரின் கட்டுக்கு அடங்காத பிள்ளையும் இதே கட்டளைச் சட்டத்தின் கீழ்த்தான் நீதவான் முன் வருகிறார்கள். உதவி தேவைப்பட்டவனும் தண்டனைக்கு உரியவனும் ஒரே கதவால் உள்ளே போக, வெளியே வரும்போது இருவருக்கும் ஒரே பெயர்தான்.

பிள்ளைகள் ஏன் குற்றத்துக்குப் போகிறார்கள் என்ற கேள்விக்கு ஒன்றரை நூற்றாண்டாகப் பதில் தேடப்படுகிறது. முதலில் வந்தவர் இத்தாலிய மருத்துவர் லொம்புரோசோ. குற்றவாளி பிறக்கும்போதே குற்றவாளி, முகவெட்டிலேயே அது தெரியும் என்று 1876இல் எழுதினார். அறிவியல் அதை எப்போதோ கைவிட்டுவிட்டது. ஆனால் அந்த எண்ணம் அவருக்கு முன்பும் இருந்தது, அதன் நிழலும் நீளமானது. 1871இல் பிரித்தானிய இந்தியாவில் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் பின்னர் மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர்மீதும் பாய்ந்தது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரலில் துப்பாக்கிச் சூடு நடந்தது. யாழ்ப்பாணத்தில் அப்படியொரு சட்டம் இருந்ததில்லை. ‘அவங்கட பரம்பரையே அப்படித்தான்’ என்ற பேச்சு மட்டும் இருக்கிறது. எந்தப் பகுதிப் பிள்ளைகளைப் பற்றி அது சொல்லப்படுகிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும். லொம்புரோசோவுக்கு இன்று எஞ்சியிருக்கும் சீடர்கள் இத்தகையவர்களே.

இதற்கு நேரெதிரான விடை சிக்காகோவிலிருந்து வந்தது. கிளிபோர்ட் ஷோவும் ஹென்றி மக்கேயும் அந்த நகரத்தின் சிறுவர் நீதிமன்றப் பதிவுகளைப் பல பத்தாண்டுகளுக்கு எடுத்து வரைபடத்தில் குறித்தார்கள். சில பகுதிகளில் குடியிருந்த இனத்தவர் முழுதாக மாறிய பின்பும் அப்பகுதிகளின் குற்ற விகிதம் குறையவில்லை. அங்கிருந்து வெளியேறியவர்களோ புதிய இடங்களில் குற்றத்தைக் கூடவே கொண்டுபோகவில்லை. குற்றம் இரத்தத்தில் இல்லை, அயல் குலைந்து போனதில் இருக்கிறது என்பது அவர்கள் 1942இல் வெளியிட்ட முடிவு. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்த கதையை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். அயல் என்பது வெறும் காணியும் வேலியும் அல்ல. திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டில் வேறு ஆட்கள், அடுத்த வீட்டில் பூட்டு, அதற்கடுத்த காணி உயர்பாதுகாப்பு வலயத்துக்குள். முன்பெல்லாம் மதகில் குந்தியிருந்து புகைக்கும் பையனைப் பார்த்து யாரோ ஒரு கிழவர் “நீ ஆற்றை மோன்?” என்று கேட்டால் போதும், சிகரெட் கீழே விழும். இப்போது கேட்பவருக்கு அவனைத் தெரியாது, கேட்கப் பயமும் உண்டு. அந்தக் கேள்வியை மிகைப்படுத்திக் கொண்டாடவும் வேண்டியதில்லை. சாதியை அறிவதற்கும் அதே கேள்விதான் கேட்கப்பட்டது. பழைய அயலைத் திரும்பக் கொண்டுவருவது ஆசைப்படத்தக்க காரியம் அல்ல; எல்லாப் பிள்ளைக்கும் பொறுப்பான புதிய அயல் ஒன்றுதான் தேவை.

எல்லாவற்றுக்கும் யுத்தத்தைக் காரணம் சொல்லும் பழக்கத்துக்கு இங்கே ஓர் எல்லை கட்ட வேண்டும். இன்று 15 வயதான பையன் 2009க்குப் பின் பிறந்தவன். ஷெல் சத்தம் கேட்டவர்கள் அவனுடைய தாய் தகப்பன். அவன் கண்டது வேறு: வெளிநாட்டுக் காசில் வந்து நிற்கும் புது மோட்டார் சைக்கிள், தன் வீட்டில் பழைய சைக்கிள். சமூகம் எல்லோருக்கும் ஒரே ஆசையைக் காட்டிவிட்டு அதை அடையும் நேர்வழியைச் சிலருக்கு மட்டும் திறந்தால், மற்றவர்கள் குறுக்குவழி தேடுவார்கள் என்று ரொபர்ட் மேர்ட்டன் 1938இல் எழுதினார். குறுக்குவழியும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை, அதற்கும் பக்கத்தில் ஆள் வேண்டும் என்று 1960இல் குளோவாட்டும் ஓலினும் திருத்திச் சொன்னார்கள். கேரளக் கஞ்சா கரையேறும் கடற்கரைக்குப் பக்கத்துப் பிள்ளைக்கு அந்த ஆள் தேடி வருகிறான். ஒரு பொதியை அடுத்த சந்திவரை கொண்டுபோனால் தாயின் ஒரு வாரக் கூலி. பாடசாலை வாசலில் மாவா பாக்கு, அதற்கப்பால் ஐஸ் போதைப்பொருள் என்று சங்கிலி நீள்கிறது. அகப்படுவது பெரும்பாலும் அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணிதான்.

ட்ரவிஸ் ஹேர்ஷி கேள்வியையே திருப்பிப் போட்டார். பிள்ளைகள் ஏன் குற்றம் செய்கிறார்கள் என்பதை விடுத்து, பெரும்பாலான பிள்ளைகள் ஏன் செய்வதில்லை என்று கேட்டார். பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் உள்ள ஒட்டுதல், இழக்க மனமில்லாத எதிர்காலம், நாளை நிரப்பும் வேலைகள், விதிகள்மீதுள்ள நம்பிக்கை ஆகிய கட்டுகள் பிள்ளையைப் பிடித்து வைத்திருக்கின்றன என்பது அவரது 1969ஆம் ஆண்டு நூலின் வாதம். கலிபோர்னியா மாணவர்களிடம் அவர் செய்த ஆய்வில் பாடசாலையோடு உள்ள ஒட்டு முக்கியமானதாகத் தெரிந்தது. இந்த ஒரு கோட்பாட்டைக் குடாநாட்டின் அதிபர்கள் தங்கள் மேசையில் எழுதி வைக்கலாம். இங்கே குழப்படிக்காரப் பிள்ளைக்குக் கிடைக்கும் முதல் தண்டனை, அவனைப் பிடித்து வைத்திருக்கும் கடைசிக் கட்டை அறுப்பதாகவே இருக்கிறது: இடாப்பில் பெயரை வெட்டி, தகப்பனைக் கூப்பிட்டு விடுகைப் பத்திரத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள். பெறுபேற்று வீதம் கெடக்கூடாது என்ற கவலையும் அதில் உண்டு. கட்டாயக் கல்வி வயது 2016இல் 16 ஆக உயர்த்தப்பட்டுவிட்டது. ‘விரும்பி விலகினான்’ என்று எழுதினாலும், 15 வயதுப் பிள்ளையின் பெயர் இடாப்பில் இல்லாமற் போவது சட்டத்துக்கு உடன்பாடான காரியம் அல்ல.

பெயர் சூட்டுவதன் விளைவைப் பேசியவர் ஹவார்ட் பெக்கர் (1963). ஒருவனைத் திரும்பத் திரும்பக் கள்ளன் என்றால் கள்ளனுக்குரிய இடம் மட்டுமே அவனுக்கு மிஞ்சுகிறது. அவனைச் சேர்த்துக்கொள்ள வேறு கள்ளர் மட்டுமே இருக்கிறார்கள். ‘ஆவா’ என்ற வாள்வெட்டுக் குழுப் பெயரின் வரலாறு இதற்கு உள்ளூர்ச் சான்று. 2016 ஒக்டோபர் 20 இரவு கொக்குவில் குளப்பிட்டியில் பொலிசார் துப்பாக்கியால் சுட்ட சம்பவத்தில் யாழ். பல்கலைக்கழக மாணவர் இருவர் உயிரிழந்தனர். சில நாளில் சுன்னாகத்தில் பொலிஸ் புலனாய்வாளர் இருவர் வாளால் வெட்டப்பட்டனர். அதற்கு உரிமை கோரி ‘ஆவா’ என்ற பெயரில் துண்டுப் பிரசுரம் வந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் கொக்குவிலில் மேலும் இரு பொலிசார் வெட்டப்பட்டனர். அதன்பின் குடாநாட்டில் எந்த வாள்வெட்டு நடந்தாலும் செய்தித் தலைப்பில் அந்தப் பெயர் ஏறியது. பயமுறுத்தப் பயன்பட்ட பெயர் சில பையன்களுக்குப் பட்டமாகிவிட்டது. பிறந்தநாள் கேக்கை வாளால் வெட்டி, அதைப் படமெடுத்துப் போட்டு, அந்தப் படத்தாலேயே அகப்பட்டவர்களும் உண்டு. வெட்டுப்பட்டவர்களின் காயங்கள் உண்மையானவை, கை இழந்தவர்களும் தொழில் இழந்தவர்களும் இருக்கிறார்கள். வெட்டியவன் நீதிமன்றத்துக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் வெட்டியவனையும், அவனுடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறியிருந்த 16 வயதுப் பையனையும் ஒரே பெயரால் அழைப்பது இரண்டாமவனையும் முதலாமவனாக்கும் வழி.

பெரும்பாலான பையன்கள் அந்த வழியில் நெடுந்தூரம் போவதில்லை என்பதுதான் ஆராய்ச்சி தந்திருக்கும் மிகப் பயனுள்ள செய்தி. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972, 1973ஆம் ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து வந்த ஆய்வை அடிப்படையாக வைத்து, டெரி மொபிற் 1993இல் இளம் குற்றவாளிகளை இரு வகையாகப் பிரித்தார். சிறு வயதிலேயே தொடங்கி வாழ்நாள் முழுதும் நீடிப்பவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் பதின்ம வயதில் தொடங்கி, வேலை, குடும்பம் என்று வரும்போது விட்டுவிடுவார்கள். பொஸ்டன் நகரத்து 500 குற்றச் சிறுவர்களின் பழைய பதிவுகளை மீள ஆராய்ந்த சாம்சனும் லாபும் அதே ஆண்டில் ஏறத்தாழ இதையே கண்டார்கள்: நிலையான தொழிலும் நல்ல மணவாழ்வும் பலரைத் திருப்பிவிட்டன. அப்படியானால் நீதிமுறை செய்யக்கூடிய மிகப் பெரிய தீங்கு, தானாக நிற்கப்போகிற பையனுக்கு நிற்கும் வழியை அடைப்பதுதான். மறியலைக் காட்டிப் பயமுறுத்துவதும் உதவாது. அமெரிக்காவில் பிள்ளைகளைச் சிறைக்குள் கூட்டிச்சென்று கைதிகளைக்கொண்டு வெருட்டிய திட்டங்களை ஆராய்ந்தபோது, அவற்றில் பங்குபற்றிய பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குற்றம் செய்தது தெரியவந்தது.

பிள்ளை திரும்பும் வழியை அடைக்கக்கூடாது என்ற இந்த நியாயத்தை இலங்கை அரசு ஒரு முறை, அதுவும் மிகக் கடினமான வேளையில், ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2009இல் போர் முடிந்தபோது விடுதலைப் புலிகள் அமைப்பிலிருந்து வந்த 594 சிறுவர் புனர்வாழ்வுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களை வழக்குப் போட்டுச் சிறையில் அடைக்காமல், பெரியவர்களால் ஆயுதம் திணிக்கப்பட்ட பிள்ளைகளாக நடத்துவது என்று முடிவாயிற்று. அம்பேபுஸ்ஸவிலும் பின்னர் இரத்மலானை இந்துக் கல்லூரியிலும் தங்கிப் படித்த அவர்கள் 2010 மே மாதமளவில் குடும்பங்களிடம் திரும்பிவிட்டார்கள். அந்த ஏற்பாட்டில் குறையில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். கடும் காவலுக்குள் நடந்த புனர்வாழ்வு அது. ஆயினும் துவக்கு ஏந்திய பிள்ளைக்குப் பின்னால் ஒரு பெரியவர் இருந்தார் என்பதை அரசால் காண முடிந்தது. கஞ்சாப் பொதி ஏந்திய பிள்ளைக்குப் பின்னாலும் ஒரு பெரியவர் இருக்கிறார். முன்னதை ஏற்ற சட்டத்துக்குப் பின்னதை ஏற்பதில் தடை என்ன?

சீர்திருத்தத்துக்கு முன்மாதிரி தேடுவோர் நியூசிலாந்தின் 1989ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டுவது வழக்கம். அங்கே பல வழக்குகளில் பிள்ளை, குடும்பம், பாதிக்கப்பட்டவர், பொலிஸ் எல்லோரும் ஓரிடத்தில் இருந்து, இழப்பை எப்படி ஈடுசெய்வது என்று பேசித் தீர்மானிக்கிறார்கள்; நீதிமன்றம் கடைசி வழி. மாவோரி மக்களின் குடும்ப வழக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டது அது. செய்த காரியத்தைக் கண்டித்து, செய்தவனைச் சேர்த்துக்கொள்ளும் இத்தகைய முறையின் தத்துவத்தை அவுஸ்திரேலியரான ஜோன் பிரெய்த்வெயிற் அதே ஆண்டில் நூலாக எழுதினார். இலங்கையில் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த மத்தியஸ்த சபைகள் சிறு பிணக்குகளை இப்படித் தீர்த்துப் பழகியவை. சிறுவர் வழக்குக்கும் அந்தப் பழக்கத்தை விரிக்கலாம். ஆனால் ஊர்ச் சமாதானத்தை அறிந்தவர்களுக்கு அதன் ஆபத்தும் தெரியும். பணமும் ஆள்பலமும் உள்ள வீட்டுப் பையனுக்கு ‘பேசித் தீர்ப்பதும்’, இல்லாத வீட்டுப் பையனுக்கு மின்கம்பத்தில் கட்டி அடிப்பதும் ஒரே ஊரில் நடக்கும். பாலியல் வன்முறையை மானம் கருதி மூடிவைப்பதும் சமாதானம் என்றே சொல்லப்படும். இவ்வகைக் குற்றமும் வாள்வெட்டும் ஊருக்குள் பேசி முடிக்கும் விடயங்கள் அல்ல. சைக்கிள், கோழி, கைபேசி, மதிலுக்குக் கல்லெறிந்தது, விளையாட்டுப் போட்டியில் கைகலப்பு ஆகியவை வேறு.

சட்டமூலம் எப்போது நிறைவேறும் என்று காத்திராமல் நிர்வாகிகள் செய்யக்கூடியவை உண்டு. எவரும் பிள்ளையைக் கட்டிவைத்து அடிக்க இடங்கொடாதிருத்தல் முதலாவது. அது குற்றம், அதைக் காணொளியாகப் பரப்புவது இன்னொரு கொடுமை. நிலையத்தின் வட்ஸ்அப் குழுவில் அகப்பட்ட பையனின் படம் வந்தால் உடனே நீக்க வேண்டும். பத்திரிகைக்கு 1939இல் விதித்த தடையின் நியாயம் கைபேசிக்கும் பொருந்தும். நன்னடத்தை அலுவலர் விசாரிக்க வரும்போது தெரிந்ததைச் சொல்லவும், பிணை நிற்க ஆளில்லாத பிள்ளைக்குப் பொறுப்பான ஒருவரைத் தேடிக் கொடுக்கவும் நிர்வாக சபையில் ஒருவர் நியமிக்கப்படலாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் இடாப்பில் வெட்டப்பட்ட பெயர்களைத் தவணைக்கொரு முறை அதிபரிடம் கேட்டுப் பார்க்கலாம். அச்சுவேலியிலிருந்து திரும்பும் பையனைக் கராஜிலோ தச்சுப் பட்டறையிலோ பயிலுநராகச் சேர்த்துக்கொள்ள ஒரு முதலாளியைச் சம்மதிக்க வைப்பது, பத்துக் கருத்தரங்குகளைவிட மேல். விளையாட்டுக் கழகங்கள் நல்லாய் விளையாடும் பெடியளை மட்டுமல்ல, சந்தியில் நிற்பவர்களையும் மைதானத்துக்குக் கூப்பிட வேண்டும்.

அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்த விடயத்தைச் சேர்க்குமாறு நிர்வாகிகள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். பிள்ளை ஒன்று அடிபடுவதையோ, பெரியவர்கள் பிள்ளைகளைக் கொண்டு போதைப்பொருள் கடத்துவதையோ அறிந்தால் அறிவிக்க வேண்டிய, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1929. அதை வாசிகசாலைச் சுவரில் எழுதி வைக்கவும்.